மாப்பிள்ளை கை வைத்த இடம்

மூன்று நாட்களாக என் வலது கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு பச்சைத் துணுக்கு குடியிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தாயிற்று. பழைய பிரஷ்ஷால் குடைந்தும் பார்த்தாயிற்று. அசையவில்லை. காலையில் நானே போட்டுக்கொள்ளும் காபியை (அதைக் காபி என்று ஒப்புக்கொள்ள உங்கள் பெருந்தன்மை தேவை) வாயருகே கொண்டுபோகும்போது அது கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. கொரட்டூரில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஐப்பசியிலிருந்து நான் ஒருவனே இருப்பதால், ஒரு நகத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்பார் இல்லை.

அது எனாமல் பெயின்ட். சென்னீர்குப்பத்தில் என் மாமனார் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அந்தப் பச்சைதான். அடித்தது போக மிஞ்சியதை டப்பாவோடு பரணில் போட்டு வைத்திருப்பார்கள். மாட்டுப் பொங்கல் காலையில் அது இறங்கும். திருப்புளியால் மூடியை நெம்பியதும் எழும் நெடி மூக்கில் ஏறி நெற்றி வரைக்கும் போகும். என் மனைவி வசந்தா அதை மூச்சு நிறைய இழுத்துவிட்டு, "ஆங், இப்பதான் பொங்கல் வந்துச்சி" என்பாள். பானையில் பால் பொங்குவது மற்றவர்களுக்கான பண்டிகை. அவளுக்குப் பெயின்ட் டப்பா திறக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் மாடு கிடையாது. மாமனார் இரண்டு ஜோடி எருதுகளையும் விற்றுவிட்டு, ஏதோ ஒரு பண்ணையின் ஏலத்தில் டிராக்டர் ஒன்றை எடுத்து வந்தபோது வசந்தாவுக்கு எட்டு வயதாம். வண்டி அப்போதே கிழம். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளும் சாம்பல் நிற வண்டி. அந்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று வர்ணம் பூசக் கொம்பே இல்லையென்று அவள் அழுதிருக்கிறாள். அவளுடைய அண்ணன் ஏகாம்பரம், "அழுவாத. இதுக்கும் கொம்பு கீது பாரு" என்று புகைக்குழாயைக் காட்டியிருக்கிறார். அன்று தொடங்கியது. புகைக்குழாய் கொம்பு, கியர் லிவர் கொம்பு, எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கம்பியும் கொம்பு. பூசி முடித்ததும் மாலை, சந்தனம், ரேடியேட்டர் மூடிமேல் ஒரு கவளம் சர்க்கரைப் பொங்கல். எருதாக இருந்தால் அன்றும் மறுநாள் காணும் பொங்கலன்றும் ஏர் பூட்டமாட்டார்கள் அல்லவா, அதே முறையில் வண்டியையும் கிளப்பமாட்டார்கள்.

இந்த விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் சரியாக நினைவில் வைக்காததால்தான் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு சுமையைச் சுமந்தேன்.

எங்கள் தலைப் பொங்கலுக்கு நான் அந்த வீட்டுக்குப் போனபோது பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளனாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இயந்திரங்களின் இயக்கவியல் என் பாடம். அதில் கவர்னர் என்ற தலைப்பு உண்டு. எஞ்சினுக்குள் சுழலும் இரண்டு எடைக்குண்டுகள். வேகம் கூடினால் அவை விரிந்து, ஒரு கம்பியைத் தள்ளி, எரிபொருள் போகும் வாயைச் சுருக்கும். வேகம் குறைந்தால் ஒடுங்கி, வாயைத் திறந்துவிடும். கலப்பை மண்ணில் ஆழமாக இறங்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறாமலும், கலப்பையைத் தூக்கியதும் வெறிகொண்டு ஓடாமலும் பார்த்துக்கொள்வது இதுதான். ஓட்டுபவர் கைக்கெட்டும் திராட்டில் லிவரால் வேகத்தைக் கேட்கலாம், கொடுப்பது கவர்னர். இதற்குரிய சமன்பாடுகளைக் கரும்பலகையில் இடமிருந்து வலமாக, ஒரு தடவைகூட அழிக்காமல், எழுத எனக்கு வரும். ஒரு கவர்னரைக் கையால் தொட்டதில்லை என்பதை மாணவர்கள் யாரும் கேட்கவில்லை.

போகியன்று மச்சான் ஏகாம்பரம் கேட்டார். "மாப்ள, வண்டி தம் கட்ட மாட்டேங்குது. கலப்ப எறங்கனா அப்டியே படுத்துக்குது. நீங்க இதுக்குத்தான படிச்சிகீறீங்க?"

புது மாப்பிள்ளை என்ற நிலையில் இதற்கு ஒரு பதில்தான் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். கவர்னரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கம்பி நீளம் கூடிக்கிடந்தது. லிவரை முழுக்கத் தள்ளினாலும் உள்ளே வாய் முக்கால்தான் திறந்தது. கம்பியின் தலையை இரண்டு சுற்றுத் திருகி நீளத்தைக் குறைத்தேன். அது மீண்டும் திரும்பிவிடாமல் பூட்டும் நட்டை ஸ்பானர் முனகும்வரை முறுக்கினேன். அத்தோடு நின்றிருக்கலாம். படித்தவனுக்கு அழுக்கு ஆகாது. பல வருட மசகைக் கம்பி, கீல், சுழலும் தண்டு என்று ஒன்று விடாமல் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, எவர்சில்வர் பாத்திரம்போல் ஆக்கிவைத்தேன். வசந்தா எட்டிப் பார்த்து, "நம்ம கல்யாண மேடகூட இப்டி பளபளன்னு இல்லியே" என்றாள். வண்டியைக் கிளப்பினார்கள். மச்சான் லிவரைத் தள்ளியதும் சீறியது, விட்டதும் அடங்கியது. "படிச்சது வீண் போவல மாப்ள" என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதைத்தான் நான் வெகுநாள் பெரிதாக வைத்திருந்தேன். துல்லியமாகச் சொன்னால், ஐந்து நாட்கள்.

மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் வசந்தா வண்டிக்கு வர்ணம் பூசினாள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நான் நகர்ந்தேன். வழக்கமாக மேலோட்டமாகப் பூசிவிட்டு ஓடிவிடுவாளாம். அந்த ஆண்டு நான் துலக்கிவைத்த இடங்களில் எல்லாம் பிரஷ்ஷை நுழைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாகப் பூசினாள். "ஒரு எடம் உடல பாருங்க" என்று நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் பச்சை. இந்த நினைவை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

காணும் பொங்கலுக்கும் மறுநாள் காலை, நவரை நெல் பருவத்துக்கு உழவு. முதல் சால் ஓட்டி முடித்து, வரப்பருகே திரும்புவதற்காக மச்சான் கலப்பையைத் தூக்கினார். இழுவை நின்ற கணத்தில் எஞ்சின் அலறியது. லிவரைப் பின்னுக்கு இழுத்தும் அடங்கவில்லை. வண்டி எகிறி வரப்பில் ஏறிச் சாய்ந்தது, அவர் குதித்தார், பின்சக்கரத்தின் விளிம்பு இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. பிறகு வாய்க்காலில் மூக்கைக் குத்தி வண்டி தானே நின்றது. பாதம் பிழைத்தது. நடை பழையபடி வரவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப்போட்ட காலை உயர்த்தி வைத்துக்கொண்டு அவர் தங்கையிடம் சொன்னார்: "உன் ஊட்டுக்காரரு நட்ட சரியா முறுக்கல போல கீது. கம்பி தானா சுத்தி இன்னும் குட்டயாயி, வாய் மூடாம நின்னுட்டுருக்கும். இன்னா இப்போ, காலு தான? தலயா போச்சி?" சிரிக்கவும் செய்தார். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் வசந்தா, "நீங்க வேணும்னா செஞ்சீங்க? உடுங்க" என்றாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. மன்னிக்கும்படியாக ஒன்றைச் செய்திருக்கிறேன் என்பதிலும்தான்.

பிறகு அது குடும்பத்தின் கதையாகிவிட்டது. எந்தக் கல்யாணத்திலும் புதிய சம்பந்திகளிடம் மச்சான் என்னை அறிமுகம் செய்யும் முறை ஒன்றுதான்: "இவருதான் எங்க மாப்ள. காலேஜ்ல பெரிய வாத்தியாரு. மொதமொதல்ல கை வச்சது நம்ம கால்ல." பந்தியே சிரிக்கும்; நானும் சிரிப்பேன். அந்தக் காலம்வரை 'நீங்க' என்றவர், அடிபட்ட பிறகு 'நீ' என்று மாறினார். அதை நான் தண்டனையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் கவர்னர் பாடம் வரும் வாரத்தில் சற்று விரைவாகவே நடத்திவிடுவேன். ஓய்வு பெறும்வரை மாணவர்கள் அதைச் சுலபமான அத்தியாயம் என்று எண்ணியிருந்தார்கள்.

கேலியின் உச்சம் அந்தக் கந்தல் துணி. ஒவ்வோர் ஆண்டும் வசந்தா டப்பாவைத் திறப்பதற்கு முன், மச்சான் நொண்டிக்கொண்டே போய், நான் பழுதுபார்த்த கம்பியும், வாயைத் திறந்து மூடும் கார்புரேட்டர் தண்டும் சேரும் இடத்தில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப்போடுவார். "இது மாப்ள கை வச்ச எடம். கட்டு போட்டு கீது. இங்க மட்டும் நீ தொடாத" என்பார். வசந்தா சிரித்தபடி அதைத் தாண்டிப் பூசிக்கொண்டு போவாள். நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, வண்டி கொட்டகையில் முடங்கிய பிறகும் அவள் வருடந்தவறாமல் போய்ப் பூசினாள். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் நீலம், எங்கள் மகளுக்குத் திருமணமான ஆண்டில் காவிச் சிவப்பு. துணி மட்டும் அவிழ்க்கப்படாமல் அங்கேயே கிடந்தது. நான் கொட்டகைக்குள் போவதில்லை.

மார்கழி முடிகிற நேரத்தில் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, குரலுக்கு முப்பது.

"மாப்ள, கொட்டா எடத்த பையன் வித்துட்டான். பழைய வண்டிங்கள சேத்து வெக்கிற ஒருத்தரு நம்ம வண்டிய கேக்கறாரு. குடுத்துரலாம்னு கீறேன்."

"நல்லதுதானே மச்சான்."

"இன்னா நல்லது? ஓட்டிக் காமிச்சித்தான் குடுப்பேன். பொணமாட்டம் கயித்துல கட்டி இழுத்துகினு போவ உடமாட்டேன். ஸ்டார்ட்டு ஆவுது. ஆனா உறுமுது பாரு, அடங்கவே மாட்டேங்குது. மெக்கானிக் பையன் ஒரு தபா பாத்தான், கும்பிடு போட்டு பூட்டான்."

"யாரைக் கூப்பிடலாம்?"

"யாரயா? கை வச்சவன்தான் எடுக்கணும். வா."

இந்த ஆண்டு எனக்குப் பண்டிகை இல்லை. "அவ இல்லாத பொங்கலு எனக்கும் இன்னாத்துக்கு?" என்று அவரும் அடுப்பேற்றவில்லை. ஆகவே மாட்டுப் பொங்கலன்றே போனேன், வண்டியைக் கிளப்பக்கூடாத நாளில். வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பேருந்துகள் இல்லாத சாலை, அடையாளம் தெரியாத அளவுக்கு அகலமாக இருந்தது. கொட்டகையில் மச்சான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்பானர்கள், பாட்டிலில் பெட்ரோல், எனக்கென்று ஒரு முக்காலி.

"கண்ணாடி போட்டுக்க. இந்த தபா கை வெக்கறதுக்கு மின்ன பாத்து வை."

வண்டியின் மேல் வர்ணம் தடித்துக் கிடந்தது. ஓரிடத்தில் விளிம்பு உடைந்து, பச்சையும் நீலமும் சிவப்புமாக அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. நான் எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். முதலில் அந்தத் துணியை அவிழ்க்க வேண்டும். முடிச்சு கல்லாகியிருந்தது; கத்தரியால் வெட்டினேன். உள்ளே பழைய மசகு, கெட்டிப்பட்ட பழுப்புப் பிசினாக. தண்டு அதில் உறைந்து நின்றது. எஞ்சின் ஏன் அடங்கவில்லை என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டது: குண்டுகள் விரிகின்றன, கம்பி தள்ளுகிறது, தண்டு திரும்ப மறுக்கிறது. பெட்ரோலை விட்டு ஊறவைத்து, துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். மசகு போனதும் பச்சை தெரிந்தது.

வண்டியில் மற்ற இடமெல்லாம் நாற்பதுக்கு மேல் பூச்சு. இங்கே, துணி காத்த இடத்தில், ஒன்றே ஒன்று. தலைப் பொங்கலன்று பூசியது.

கம்பித் தலையில் என்னுடைய நட்டு இருந்தது. நட்டும் கம்பியும் சேரும் இடுக்கின் மேல் பச்சை ஒரு தோலாகப் படிந்திருந்தது. அந்தத் தோலில் கீறல் இல்லை. பூசிய நாளிலிருந்து அந்த நட்டு ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எந்தச் சோதனைக் கூடத்திலும் கிடைக்காது. நான் சரியாகத்தான் முறுக்கியிருந்தேன்.

கார்புரேட்டருக்குள் நுழையும் தண்டைச் சுற்றியும் பச்சை இருந்தது. ஆனால் அங்கே வட்டமாக, கத்தி முனையால் யாரோ சுரண்டியிருந்தார்கள். சுரண்டலுக்கு வெளியே எனாமல் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது. மசகு இருந்தால் வர்ணம் அப்படிப் பிடிக்காது. மசகை முழுக்கக் கழுவியவன் நான். கழுவிய இடத்தில் பிரஷ்ஷை நுழைத்துப் பூசியவள் அவள். டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான். இரண்டு நாள் வண்டியைக் கிளப்பாமல் விட்டதில் பாதி காய்ந்த எனாமல், திறந்த தண்டைத் திரும்பவிடாமல் கவ்வியிருக்கிறது. கலப்பையைத் தூக்கியபோது வாய் மூடவில்லை. வண்டியில் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று எல்லோரும் யோசித்தபோது அவள் பெயர் ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டியை அலங்கரிப்பது பூஜை. பூஜையை யாரும் பழுது வேலையில் சேர்ப்பதில்லை, நான் உட்பட.

சுரண்டியது யார் என்று கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நட்டு கழலவே இல்லை."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரில தெரியாது. மெய்யாலுமே நட்டுன்னுதான் நெனச்சேன். ஊட்டுக்கு வந்து, கட்டய ஊணிகினு போயி பாத்தேன். நட்டு கல்லாட்டம் நிக்குது. பெயின்ட்டு புடிச்சிகினு கீது. பேனாக்கத்தியால நான்தான் சொரண்டி உட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"யாராண்ட? உன்னாண்ட சொன்னா நீ அவளாண்ட சொல்லுவ. நீ பொய் பேசத் தெரியாத ஆளு. அவ அப்ப முழுகாம இருந்தா மாப்ள. அண்ணன் கால நான்தான் ஒடச்சேன்னு அந்த நேரத்துல அவ தல மேல ஏத்தச் சொல்றியா?"

"குழந்தை பிறந்த பிறகு?"

"அப்ப பால் குடுத்துகினு இருந்தா."

"அதற்குப் பிறகு?"

மச்சான் தாடையைச் சொறிந்தார். "அதுக்கப்புறம் உனக்குப் பழகிப்போச்சி. நல்லா சிரிச்சிகினு கேட்டுகினு இருந்த. நானும் உட்டுட்டேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "நீ தாங்கிக்குவன்னு தெரியும். அவ தாங்கமாட்டா. துணி எதுக்குன்ற? வருசா வருசம் அவ பிரஷ்ஷ எடுத்துகினு அந்தாண்ட போவசொல்ல, மறுபடி தண்டு மேல பூசிடுவாளோன்னு பாத்துகினே இருப்பேன். நேரா சொன்னா கேக்கறவளா? அதான் உன் பேர வச்சி கட்டு போட்டேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் நெடிக்குக் கண்ணில் நீர் வரும். அதை இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. தோளிலிருந்து எதையோ யாரோ இறக்கி வைத்தார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு மனிதரின் நடையைக் கெடுத்தவன் நான் மட்டும் அல்ல. அதைவிட, இதை நான் முன்பே கண்டுபிடிக்கவில்லை என்பதில் ஏற்பட்ட நிம்மதி பெரிது. முப்பது வயதில் இந்தத் துணியை அவிழ்த்திருந்தால், என் நியாயத்தை நிறுவும் ஆசையில் அன்று மாலையே அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் எனக்கு "உடுங்க" என்றதுபோல் அவளுக்குச் சொல்வதற்கு அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். இப்போது அவள் எதையும் அறியாமல் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால், கழுவியது நானும் பூசியது அவளுமாக, மணமாகி நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

"அழுதது போதும். வேலயப் பாரு" என்றார் மச்சான்.

தண்டை இளக்கி, எஞ்சியிருந்த எனாமலை நகத்தாலும் கத்தி முனையாலும் எடுத்தேன். கீல்களுக்குப் புது மசகு வைத்தேன்; கழுவியதோடு விடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். லிவரை முழுக்கத் தள்ளி, கார்புரேட்டரின் வாயை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியை அதன் துளைக்கு நேராகப் பிடித்தேன். தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது; இரண்டையும் பூட்டும் ஊசி துளைக்குள் தானாக விழ வேண்டும். விழுந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வைத்த நீளம். நட்டைத் தொடவே தேவைப்படவில்லை.

மச்சான் பிறர் உதவியை மறுத்து, இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. லிவரைத் தள்ளினார், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. விட்டார். ஒரு நொடி, இன்னும் அரை நொடி, நான் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இறங்கி, சீரான துடிப்பாக நின்றது.

"அடங்கிச்சி" என்றார் அவர். மறுபடியும் தள்ளி, மறுபடியும் விட்டார். "அடங்கிச்சி மாப்ள."

வண்டி நேற்றுப் போய்விட்டது. வாங்கியவர் சொன்னபடி பார்த்தால் மேலிருக்கும் வர்ணம் முழுவதையும் சுரண்டியெடுத்து, பிறந்தபோது இருந்த சாம்பல் நிறத்துக்கே கொண்டுவருவார்கள். அதுதான் முறை என்றார். அவருக்கு அது முறைதான். உழுத நிலத்தில் இப்போது ஒரு சரக்குக் கிடங்கு நிற்கிறது. வரப்பும் வாய்க்காலும் இருந்த இடத்தில் லாரிகள் திரும்புகின்றன. மண்ணெண்ணெய் கிடைக்காததால் வாங்கியவருக்கு வண்டியைப் பெட்ரோலிலேயே ஓட்டிக்காட்டினோம். புகைக்குழாயிலிருந்து வரும் அந்தப் பழைய வாசனை கடைசிவரை வரவில்லை. இன்று காலை மச்சான் அழைத்து, தை கடைசியில் பேத்திக்குக் காதுகுத்து, முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"எல்லா சனமும் வரும். இனிமே உன்ன இன்னா சொல்லி ஓட்டறது மாப்ள? அந்தக் கததான் பூட்ச்சே."

"அதையே சொல்லுங்க மச்சான்" என்றேன். "மாத்த வேணாம்."

"ம். நீ தாங்கிக்குவ" என்றார்.

நகவெட்டி மேசைமேல் இருக்கிறது. இரண்டு முறை கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நகம் வளர வளர அந்தத் துணுக்கு நுனிக்கு வந்து, ஒரு நாள் தானாக உதிர்ந்துவிடும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஆகட்டும்.